வெள்ளிப் பெயின்ட் அடித்தால் போதுமா?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் எல்லோரும் பழம்பொருள் பாதுகாப்பு நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். சிங்கவரம் டீக்கடையில் உட்கார்ந்தால் சுண்ணாம்பில் கடுக்காய் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று நான்கு பேர் நான்கு கணக்குச் சொல்கிறார்கள். நல்லதுதான். இந்தச் சாக்கில் என் மனதில் நெடுநாளாகக் கிடக்கும் ஒன்றை நானும் சொல்லிவிடுகிறேன். இது கோட்டையைப் பற்றியது அல்ல, பழைய ராணுவ விமானங்களைப் பற்றியது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் 1966-ல் விமானப்படையில் சேர்ந்து, தாம்பரத்தில் பயிற்சி முடித்து, இருபது வருடம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக வேலை பார்த்தவன். இன்ஜின் என் பொறுப்பு அல்ல. இறக்கை, உடல், வால், சக்கரம், கேபிள் இவைதான் என் பிழைப்பு. அதில் பெரும்பகுதி அஸ்ஸாமின் ஜோர்ஹாட்டில், டகோட்டா விமானங்களோடு கழிந்தது. சார்ஜென்ட்டாக வெளியே வந்த பிறகு விழுப்புரத்தில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ரிவெட் அடித்தேன். ஆக, வாழ்நாள் முழுக்க அலுமினியத் தகடுதான்.

சில மாதங்களுக்கு முன் பேரன் காலேஜ் அட்மிஷனுக்காக வெளியூர் போயிருந்தோம். ஒரு கல்வி நிறுவனத்தின் வாசலில் சிமென்ட் மேடை போட்டுப் பழைய ஜெட் விமானம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பளபளவென்று வெள்ளிப் பெயின்ட். ஃபோட்டோ எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் குனிந்து பார்த்தேன். பெயின்டுக்கு மேல் பெயின்டாகப் பூசியதில் ரிவெட் தலைகள் மூழ்கியே போய்விட்டன. தண்ணீர் வெளியேற உடலின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவையும் பெயின்டில் அடைந்துவிட்டன. பெய்கிற மழை உள்ளேயே தேங்கி நிற்கும் என்று அர்த்தம். பைலட் உட்காரும் இடத்துக் கண்ணாடிக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்பது வெளியே தெரியாமல் இருக்கத்தான். பின்பக்கக் குழாயில் தேன்கூடு. இன்ஜின் எப்போதோ கழற்றப்பட்டுவிட்டது. பாம்பு போன பிறகு வேலியில் கிடக்கும் சட்டை மாதிரி இருந்தது எனக்கு.

அந்த நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்ததை வாங்கி வைத்திருக்கிறார்கள், வருடா வருடம் குடியரசு தினத்துக்கு முன்னால் பெயின்டும் அடிக்கிறார்கள். நம் நாட்டில் ஓய்வு பெற்ற விமானத்துக்குக் காட்டும் மரியாதை இவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. கம்பத்தில் ஏற்று, பெயின்ட் அடி, மாலை போடு. இது போதாது என்பது என் கட்சி. அந்த விமானத்தைத் திறந்து, கழற்றி, துடைத்து, மாட்டத் தெரிந்த கைகள் இந்த ஊர்களில்தான் இருக்கின்றன. அவற்றை யாரும் கூப்பிடுவதில்லை.

பெயின்ட் அடிப்பதற்கும் சீரமைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எதிர்வீட்டுப் பையன் கேட்டான். ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டர் படிக்கிறான்.

"இன்னா தாத்தா, பார்க்க நல்லாத்தானே கீது?"

"பார்க்க நல்லாத்தாண்டா இருக்கும். செத்தவங்களுக்கும் பவுடர் பூசித்தானே உட்கார வைக்கிறோம்?"

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ரிவெட் அடிப்பது ஒருவர் செய்கிற வேலை அல்ல. வெளியே ஒருவர் கன் பிடிப்பார். உள்ளே இன்னொருவர், சில இடங்களில் பூனை நுழைகிற சந்தில் மடங்கிப் படுத்துக்கொண்டு, டாலி என்கிற இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சத்தத்தில் பேச்சும் கேட்காது. தகட்டில் ஒரு தட்டு தட்டினால் சரி, இரண்டு தட்டினால் இன்னும் கொஞ்சம் அடி, மூன்று என்றால் பிடுங்கு. எங்கள் செட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வோம். எத்தனை வினாடி அடித்தால் வால் சரியான அளவுக்கு விரியும் என்பதைக் கை சொல்லும். புத்தகத்தில் அளவு இருக்கிறது, கை இல்லை.

டகோட்டாவின் உடல் அலுமினியம்தான் என்றாலும் வாலிலும் இறக்கையிலும் அசைகிற பாகங்கள் துணியால் போர்த்தியவை. துணியை இழுத்துத் தைத்து, அதன்மேல் டோப் என்கிற திரவத்தைப் பூசினால் காயக் காயத் துணி இறுகி மத்தளத் தோல் மாதிரி ஆகிவிடும். அந்த வாசனை, நெயில் பாலிஷும் அழுகிய வாழைப்பழமும் கலந்த மாதிரி, இன்றும் என் மூக்கில் இருக்கிறது. டைகர் மாத் போன்ற பயிற்சி விமானங்களில் இறக்கை முழுவதுமே மரமும் துணியும்தான். அந்தத் தையலைச் செஞ்சி பஜாரில் மெஷின் போட்டிருக்கும் பெண்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்ஜின்காரர்களிடமிருந்து நான் கற்றது ஒன்றும் உண்டு. டகோட்டாவின் இன்ஜினில் 14 சிலிண்டர்கள், ஏழு ஏழாக இரண்டு வட்டம். இரவெல்லாம் நின்றால் எண்ணெய் கசிந்து கீழே இருக்கும் சிலிண்டர்களில் இறங்கிவிடும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் உள்ளே ராடு வளைந்துவிடும். அதனால் காலையில் முதல் வேலை, புரொப்பல்லரைக் கையால் பிடித்து மெதுவாகச் சுற்றுவது. எங்காவது இறுகினால் பலம் காட்டக் கூடாது. நிறுத்தி, கீழ் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட வேண்டும். ஜோர்ஹாட் பனியில் நாலு பேர் வரிசையில் நின்று, ஆளுக்கொரு பிளேடாக இழுத்துக்கொண்டே போவோம். இறுக்கத்துக்கும் குளிருக்கும் வித்தியாசம் உள்ளங்கைக்குத் தெரியும். அந்த உள்ளங்கைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. எங்கள் செட்டின் வாட்ஸப் குழுவில் ஒரு காலத்தில் 31 பேர் இருந்தோம். இப்போது காலை வணக்கத்துக்குப் பதில் வருவது ஒன்பது பேரிடமிருந்து.

நம்மால் இதெல்லாம் ஆகாது, வெள்ளைக்காரன்தான் செய்வான் என்று சொல்பவர்களுக்குக் கான்பூரை நினைவுபடுத்த வேண்டும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை இந்தியாவில் ஓட்டிய லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் அமெரிக்கா கடனாகக் கொடுத்தவை. போர் முடிந்ததும் அவை யாருக்கும் உதவக் கூடாது என்று கான்பூரில் குவித்து வைத்து வேண்டுமென்றே உடைத்துவிட்டுப் போனார்கள். சுதந்திரம் வந்த கையோடு நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் கிடையாது. வாங்கப் பணமும் கிடையாது. பெங்களூரு எச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பை மேட்டுக்குப் போனார்கள். ஒன்றின் இறக்கை, ஒன்றின் வால், இன்னொன்றின் இன்ஜின் என்று பொறுக்கிச் சேர்த்து, பெங்களூரு வரைக்கும் தாங்கினால் போதும் என்கிற அளவுக்கு ஒட்டவைத்தார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற எச்.ஏ.எல். பைலட் அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அந்த மனிதரின் நெஞ்சுரத்தை யோசித்துப் பாருங்கள். உடைத்துப் போட்டதை ஒட்டிய விமானம், நாலு இன்ஜின், மேலே போனால் எது கழன்று விழும் என்று தெரியாது. ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பப் போய் வந்தார். பெங்களூரில் முழுமையாகச் சீரமைத்து, 40-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களை நம் விமானப்படை 1948-லிருந்து 1968 கடைசி வரை ஓட்டியது. இருபது வருடம்!

உலகத்தில் 18,000-க்கும் மேல் செய்யப்பட்ட லிபரேட்டர்களில் இன்று முழு உருவில் மிஞ்சியவை விரல் விட்டு எண்ணக்கூடிய சொற்பம். அவற்றில் பல நம் விமானப்படை ஓட்டியவைதாம். மற்ற நாடுகள் அவற்றை உருக்கிப் பாத்திரம் செய்துவிட்டன, நாம்தான் வைத்திருந்தோம். 1974-ல் ஒன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சில போயின. 1981-ல் இங்கிருந்து இங்கிலாந்து போன ஒன்றை 1984-ல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கி, தன்னார்வலர்களும் தொழில் வல்லுநர்களுமாகப் பல்லாயிரக்கணக்கான மணி நேரம் உழைத்து 1989-ல் பறக்கவிட்டது. நாம் குப்பையிலிருந்து எடுத்துக் காப்பாற்றிய பொருள், இன்னொருவர் ஊரில் திருவிழாத் தேர் ஆயிற்று.

காசிக் கதை இன்னும் சுருக்கென்று தைக்கும். ஆர் 4118 என்ற எண்ணுள்ள ஹரிக்கேன் சண்டை விமானம் 1940-ல் லண்டனைக் காத்த சண்டையில் 49 முறை பறந்தது. பிறகு பயிற்சிக்காக இந்தியா வந்தது. 1947-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் கழற்றிப் பார்த்துப் படிக்கட்டும் என்று கொடுத்தார்கள். நல்ல எண்ணம். அதன்பின் அது அங்கேயே வெயிலிலும் மழையிலும் புல் முளைத்துக் கிடந்தது. 1982-ல் பழைய கார்களைத் தேடிக்கொண்டு இந்தியா வந்த பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணில் பட்டது. அவர் அரசாங்க வேலைக்காரர் அல்ல, ஆர்வக்கோளாறு பிடித்த ஒரு தனி மனிதர். விடாமல் எழுதி, அலைந்து, 2001-ல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 2004 டிசம்பர் 23 அன்று அது மறுபடியும் பறந்தது. 1940-ல் அதே விமானத்தை ஓட்டிய பாப் ஃபாஸ்டர் என்ற பைலட் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். நமக்கு ஐம்பது வருடம் கண்ணெதிரே கிடந்தது. அந்த ஊரில் ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர்கூடவா இல்லை? இருந்திருப்பார். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது என் டகோட்டாவுக்கு வருகிறேன். 2018-ல் ராஜீவ் சந்திரசேகர், அப்போது எம்.பி., ஒரு பழைய டகோட்டாவை வாங்கிச் சீரமைத்து விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய தந்தை ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகர் டகோட்டா ஓட்டியவர். விமானத்துக்குப் பரசுராமா என்று பெயர். வி.பி. 905 என்று எண் போட்டார்கள். 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவு வீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் போய் இறங்கிய டகோட்டாவின் எண் அது. ஏப்ரல் மாதம் இங்கிலாந்திலிருந்து நாடு நாடாக இறங்கி இறங்கி ஜாம்நகர் வந்து சேர்ந்தது. மே 4-ம் தேதி ஹிண்டனில் விமானப்படையில் சேர்த்தார்கள். டி.வி.யில் பார்த்தபோது என் கண் கலங்கியது. வீட்டில், "விமானத்துக்கு அழுகிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள்.

மகன் தந்தைக்குச் செய்த அந்த மரியாதையை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். ஆனால் அந்த விமானத்தைச் சீரமைத்தது எங்கே? இங்கிலாந்தின் கோவென்ட்ரியில். 1948-ல் உடைந்த குண்டுவீச்சு விமானம் 40-ஐ ஒட்டவைத்த நாடு, எழுபது வருடம் கழித்து ஒரு டகோட்டாவை ஒட்டவைக்கக் கோவென்ட்ரிக்குப் போக வேண்டியிருந்தது. 1980-கள் வரை அதே விமானத்தைக் கையாண்டு ஓய்வு பெற்றவர்கள் அப்போது நாட்டில் எத்தனையோ பேர் திடகாத்திரமாக இருந்தோம். லிபரேட்டருக்கும் டகோட்டாவுக்கும் ஒரே இன்ஜின் குடும்பம்தான், பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப். தெரியாத வித்தை ஒன்றும் இல்லை. கேட்கிற வழக்கம்தான் இல்லை.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? சனிக்கிழமை காலையில் ஓய்வு பெற்ற மெக்கானிக், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் சாப்பாட்டு டப்பாவோடு ஹேங்கருக்கு வந்துவிடுகிறார்கள். சம்பளம் கிடையாது. இங்கிலாந்தில் ஈஸ்ட் கர்க்பி என்ற கிராமத்தில், போரில் அண்ணனை இழந்த பான்டன் சகோதரர்கள் என்ற விவசாயிகள் ஒரு லங்காஸ்டர் விமானத்தை வாங்கி வைத்துச் சீரமைக்கத் தொடங்கினார்கள். அதன் நாலு இன்ஜினும் ஓடுகின்றன. தரையிலேயே ஓட்டிக் காட்டுகிறார்கள். நெல் வயலுக்குப் பதில் கோதுமை வயல், மற்றபடி நம்மூர் மாதிரிதான்.

தரையில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் லிபரேட்டரைப் பறக்கவிட்ட அதே அறக்கட்டளையின் இன்னொரு குண்டுவீச்சு விமானம் 2019 அக்டோபர் 2 அன்று பயணிகளோடு விழுந்து ஏழு பேர் செத்தார்கள். விசாரணையில் பராமரிப்புக் குறை வெளிவந்தது. 2022 நவம்பரில் டல்லாஸ் நகரில் தன்னார்வலர்கள் ஓட்டிய இரண்டு பழைய விமானங்கள் ஆகாயத்திலேயே மோதி ஆறு பேர் போனார்கள். ஆர்வம் இருக்கிறது என்பதற்காக எண்பது வயது உலோகம் இளமையாகிவிடாது. எனக்கும் அது தெரியும், கைப்பிடி இல்லாமல் சிங்கவரம் ரங்கநாதரின் படிகளை இப்போது ஏற முடிவதில்லை. ஆகவே பறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சக்கரம் சுழலட்டும், சுக்கான் அசையட்டும், மாதம் ஒருமுறை இன்ஜின் பத்து நிமிடம் ஓடட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பையன் பெயின்டைப் பார்த்து ஏமாற மாட்டான்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது அங்கே நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே, மற்றவர்கள் விடுதிக்குப் போன பிறகும் போய் உட்கார்ந்திருப்பேன் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். கழித்துப் போட்ட விமானம்தான். பக்கத்தில் போக விட்டார்கள், அதுதான் விஷயம். விசாகப்பட்டினத்தில் இதை ஓரளவு செய்திருக்கிறார்கள். நம் அரக்கோணம் கடற்படைத் தளத்தில் 2017 மார்ச்சில் ஓய்வு கொடுத்த டி.யு. 142 என்ற பெரிய ரஷ்ய விமானத்தை அங்கே கடற்கரைச் சாலையில் வைத்து, உள்ளே ஏறிப் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். எதிரே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலில் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர்களே சுற்றிக் காட்டுகிறார்கள். ஒரு படி மேலே போய் அவர்கள் கையில் ஸ்பானரையும் கொடுக்கலாம் என்பதுதான் என் கோரிக்கை.

பாதுகாப்பு விஷயமாயிற்றே, வெளியாள் கை வைக்கலாமா என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். அறுபது வருடத்துக்கு முந்திய விமானத்தில் என்ன ரகசியம்? அது ரகசியமாக இருந்த காலத்தில் அதைக் கழற்றி மாட்டியவர்களே நாங்கள்தானே. உதிரி பாகம் கிடைக்காது என்பார்கள். ட்வின் வாஸ்ப் இன்ஜின் உலகத்தில் 1,70,000-க்கும் மேல் செய்யப்பட்டது, பாகம் இன்றும் கிடைக்கிறது. கிடைக்காததைக் கோயம்புத்தூர் லேத் பட்டறைகள் செய்து கொடுக்கும்.

போர்க்கருவிக்கு இவ்வளவு பூஜையா என்று கேட்ட நண்பரும் உண்டு. நியாயமான கேள்வி. எங்கள் டகோட்டாக்கள் அருணாசல மலைகளில் போட்டவை குண்டு அல்ல. அரிசி, உப்பு, பருப்பு. அரிசியைச் சாக்குக்குள் சாக்காகத் தளர்த்திக் கட்டி, பாராசூட் இல்லாமலே தள்ளுவார்கள். உள்சாக்கு கிழியும், வெளிச்சாக்கு தாங்கும். மண்ணெண்ணெய்க்கு மட்டும் பாராசூட். மலை முகட்டில் பத்துப் பதினைந்து ஜவான்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். அந்த வேலையில் திரும்பி வராத விமானங்களும் உண்டு. காலையில் நான் கேபிள் இறுக்கம் பார்த்து அனுப்பியதில் ஒன்று வரவில்லை. மேகத்துக்குள் மலை இருந்தது என்றார்கள். அதில் போன லோட்மாஸ்டர் தஞ்சாவூர்க்காரர், முந்தின நாள் என்னிடம் ஊறுகாய் கடன் வாங்கியவர். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு டகோட்டா வேண்டும். சிமென்ட் மேடையில் நிற்கிற வெள்ளிப் பொம்மையைக் காட்டி அதைச் சொல்ல முடியாது.

உளுந்தூர்பேட்டையில் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் இன்னும் கிடக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, பக்கத்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள், வாரம் ஒருநாள் வருகிற முன்னாள் ஏர்மேன்கள், ஒரு பழைய விமானம். விமானத்தைக் கொடுக்கும்போது இன்ஜினையும் மெயின்டனன்ஸ் புத்தகங்களையும் பிரிக்காமல் கொடுக்க வேண்டும். புத்தகத்தை எரித்துவிட்டு விமானத்தைக் கொடுப்பது, சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டுப் பெட்டியைக் கொடுக்கிற மாதிரி. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எங்கள் பெயர் எல்லாம் இருக்கிறது, யார் எந்த டிரேட் என்பது உட்பட. ஒரு மத்தியான வேலை, பட்டியல் கிடைத்துவிடும்.

மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் இருக்கிற முன்னாள் ஏர்மேன்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் டிரேட், எந்தெந்த விமானத்தில் வேலை பார்த்தீர்கள், எந்த வருடங்கள், இப்போது படி ஏற முடியுமா என்பதை எழுதி அனுப்புங்கள். படி ஏற முடியாதவர்களும் எழுதுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த வயரை இடப்பக்கம் முறுக்குடா" என்று பையன்களிடம் சொல்லவும் ஆள் வேண்டும்.